வழி கேட்காத வரம்

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் ‘குரங்கின் பாதம்’ 1902இல் வெளிவந்தது. மழையும் காற்றுமான ஓர் இரவு. ஊருக்கு ஒதுக்குப்புறமான ஓர் ஆங்கில வீடு. கணப்பருகே சதுரங்கம் ஆடும் தகப்பனும் மகனும். பக்கத்தில் பின்னல் வேலையோடு தாய். இந்தியாவில் இருபத்தோரு ஆண்டுகள் கழித்துவிட்டு வந்திருக்கும் சார்ஜென்ட் மேஜர் மாரிஸ் விருந்தாளியாக வருகிறார். அவர் பையில் வற்றி உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று. ஒரு பக்கீர் மந்திரித்துக் கொடுத்தது, மூன்று பேருக்குத் தலா மூன்று வரம் தரக்கூடியது என்கிறார். பக்கீர் ஏன் அப்படிச் செய்தார் என்பதையும் சொல்கிறார்: மனித வாழ்வை விதியே ஆள்கிறது, அதில் குறுக்கிடுகிறவர்கள் துன்பப்படுவார்கள் என்று மெய்ப்பித்துக் காட்ட. பேய்க் கதைகளில் இது அரிது. பொருளின் வல்லமை என்ன என்று தெரியும் முன்பே அதன் தத்துவம் நம் கையில் தரப்பட்டுவிடுகிறது. நூற்றிருபது ஆண்டுகளாகப் பெரும்பாலான வாசகர்கள் அந்தத் தத்துவத்தையே கதையின் பொருளாகவும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பக்கீர் சொன்னதைக் கதை மெய்ப்பிக்கவில்லை என்பது என் எண்ணம். கதைக்குள் ஒரு தவறு இருக்கிறது. அது மீறப்பட்ட விதியில் இல்லை, கேட்கப்பட்ட விதத்தில் இருக்கிறது.

முதலில் பக்கீரின் கூற்றையே எடுத்துக்கொள்வோம். விதி எல்லாவற்றையும் ஆள்கிறது என்றால் அதில் யாரும் குறுக்கிட முடியாது. குறுக்கிடுவதும் விதிக்கப்பட்டதாகவே இருக்கும். குறுக்கிட முடியும் என்றால், அதன் பலன் துன்பமாகவே இருந்தாலும், விதி முழுதாக ஆளவில்லை. ஒரு தாயத்தால் அசைத்துப் பார்க்கக்கூடிய விதியை அந்தத் தாயத்தைக் கொண்டே மெய்ப்பிக்க முயல்வது வாதமாகாது. பக்கீரின் சொந்த மதத்துக்கும் இது பொருந்தி வரவில்லை. இஸ்லாமிய இறையியலில் ‘கத்ர்’ என்னும் இறைநியதிக்கு வெளியே எதுவும் இல்லை. அடியான் கேட்கும் துஆ என்னும் வேண்டுதலும் அந்த நியதிக்குள் அடங்கியதுதான் என்பது அறிஞர்கள் பலரின் விளக்கம். தாயத்தின் ஆற்றலை நம்பியிருப்பதை இணைவைத்தலுக்கு நெருக்கமாக வைத்துக் கண்டித்தவர்களும் அங்கே ஏராளம். இப்படிப்பட்ட மரபிலிருந்து வந்த ஒருவர் விதியின் மேன்மையை நிலைநாட்ட விதியை மீறும் கருவி ஒன்றைச் செய்து உலவ விட்டார் என்பது விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் இந்தியக் கற்பனையில் மட்டுமே நடக்கக்கூடியது. ஜேக்கப்ஸ் லண்டனின் வாப்பிங் துறைமுகப் பகுதியில் பிறந்தவர். மாலுமிகளையும் படகுக்காரர்களையும் வைத்து நகைச்சுவைக் கதைகள் எழுதிப் பேர் வாங்கியவர். அவருடைய பக்கீர் கிழக்கிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. வேதாந்தியோ சூஃபியோ அல்ல. கதைக்குள் அவர் ஒருமுறைகூடத் தலைகாட்டுவதில்லை. அவர் கருத்து என்ன என்பதற்கும் மாரிஸ் ஒருவரே சாட்சி.

இனி நடந்ததைப் பார்ப்போம். தகப்பனார் ஒயிட் இருநூறு பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் ஹெர்பர்ட் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆள் வருகிறார். ஹெர்பர்ட் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். நிறுவனம் எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை. ஆனாலும் அவன் செய்த பணியைக் கருதி ஒரு தொகை தர விரும்புகிறது. அந்தத் தொகை இருநூறு பவுண்டு. முதல் முறை படிப்பவருக்கு இந்த எண் குலை நடுங்க வைக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு மந்திரம் கலக்காத வரலாறு ஒன்று உண்டு. பிரிட்டனின் 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, தொழிற்சாலை விபத்தில் ஒருவர் இறந்தால், அவரையே முழுதும் நம்பியிருந்த குடும்பத்துக்கு அவருடைய மூன்றாண்டுச் சம்பளம் தரப்பட வேண்டும். அது 150 பவுண்டுக்குக் குறையவும் கூடாது, 300 பவுண்டுக்கு மேல் போகவும் கூடாது. இருநூறு பவுண்டு என்பது அன்றைய இங்கிலாந்து ஓர் உழைப்பாளியின் சாவுக்குப் போட்டுவைத்திருந்த விலைக்குள் அடங்கும் தொகை. அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து 1899இல் வேலையை விட்ட ஜேக்கப்ஸுக்குச் சின்னக் குடும்பங்களின் பணக்கணக்கு தெரியாமல் இருந்திருக்காது. ஒயிட் கேட்டதும் ஆசைப் பெருக்கில் எழுந்த எண் அல்ல. வீட்டின் மேல் இருந்த பாக்கியைத் தீர்க்கத் தேவையான தொகை. அதைச் சொல்லிக் கொடுத்தவனே ஹெர்பர்ட்தான். வீட்டுப் பாக்கியும் மகனின் உயிர்விலையும் ஒரே எண்ணில் வந்து நிற்பதற்குக் குரங்கு தேவையில்லை. இரண்டையும் அளந்தது ஒரே வர்க்கத்தின் வருமானம். கடனைத் திரும்பப் பெற வேண்டிய ஒருவன் வேறு வேலையாகச் சந்தைக்குப் போய், அங்கே கடனாளியை எதிர்பாராமல் கண்டு பணத்தை வாங்கிக்கொள்வதை அரிஸ்டாட்டில் தற்செயலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். நோக்கத்தோடு நடந்திருக்கக்கூடிய ஒன்று நோக்கமில்லாமலே நடந்துவிடுகிறது. அதனாலேயே அது நோக்கம் போலத் தோற்றம் கொள்கிறது. இருநூறு பவுண்டையும் அப்படி வாசிக்க இடமிருக்கிறது.

இதற்கு மறுப்பு உடனே வரும். வரம் கேட்டபோது பாதம் கையில் பாம்புபோல் நெளிந்ததே? அதை ஒயிட் ஒருவர்தான் உணர்ந்தார். அதுவரை கேலியும் சிரிப்புமாக இருந்த அறையில் பயந்துபோன ஒரு கிழவரின் கை அது என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் பின்னிரவில் கதவு தட்டப்படுவதைக் கணவனும் மனைவியும் இருவருமே கேட்கிறார்கள். மூன்றாம் வரம் முணுமுணுக்கப்பட்ட கணத்தில் தட்டும் ஓசை அடங்குகிறது. இதையும் தற்செயலில் சேர்க்கப் பிடிவாதம் வேண்டும். எனக்கு அந்தப் பிடிவாதம் தேவைப்படவில்லை. பாதத்துக்கு முழு வல்லமை உண்டென்றே ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் விதி மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரு வல்லமை இருக்கிறது, அது கேட்டதைக் கொடுக்கிறது, கொடுக்கும் வழியைத் தானே தேர்ந்துகொள்கிறது. நமக்குத் தெரிவது இவ்வளவுதான். ஹெர்பர்ட் சாக வேண்டும் என்று எங்கும் விதிக்கப்பட்டிருக்கவில்லை. பாதத்துக்கு வேறு நூறு வழிகள் இருந்திருக்கும்; அது இதை எடுத்துக்கொண்டது. ஒயிட் செய்த பிழையும் இங்கேதான் இருக்கிறது. பணம் கேட்டார், எந்த வழியாக வரும் என்று கேட்கவில்லை. பேராசை என்று அவர்மேல் குற்றம் சாட்டுவது நியாயமே இல்லை. குடியிருக்கும் வீட்டைக் கடனில்லாமல் வைத்துக்கொள்ள நினைப்பது பேராசையென்றால் உலகில் ஆசை என்றே எதுவும் மிஞ்சாது.

வழியைக் கேட்காமல் பலனைக் கேட்பது தவறென்றால் பிரார்த்தனை என்ன ஆவது? மதநம்பிக்கை உள்ளவர் எழுப்பக்கூடிய வலுவான கேள்வி இது. மழை வேண்டும், குழந்தை பிழைக்க வேண்டும், வழக்கு வெல்ல வேண்டும் என்று கேட்கிறவர்கள் யாரும் வழியை வரையறுத்துக் கேட்பதில்லை. வழியை இறைவனிடம் விட்டுவிடுவதுதான் பக்தி என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அங்கே வழி ஒப்படைக்கப்படுவது நல்லவன் என்று நம்பப்படும் ஒருவனிடம். தர மறுக்கும் உரிமையும் அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தன் துன்பம் நீங்கும்படி கேட்டுவிட்டு, அதே மூச்சில் முடிவைத் தந்தையின் சித்தத்துக்கு விட்டுவிடுகிறார். கேட்டது கிடைக்கவில்லை, அதனால் அது பிரார்த்தனை இல்லை என்று எந்தக் கிறிஸ்தவரும் சொல்லமாட்டார். குரங்குப் பாதத்துக்கு மறுக்கும் உரிமை இல்லை. நல்லது கெட்டது பார்த்து இது வேண்டாம், பொறு என்று சொல்ல அதனால் இயலாது. கேட்பவனுக்கும் கொடுப்பதற்கும் நடுவே உறவு எதுவும் கிடையாது. மந்திரத்துக்கும் வழிபாட்டுக்கும் உள்ள வேறுபாடு பற்றி மானுடவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஒன்றுதான்: வழிபாட்டில் கேட்கிறவனும் மாற்றத்துக்கு உட்படுகிறான், ஏமாற்றத்துக்கு ஆயத்தமாகிறான். மந்திரத்தில் உலகம் மட்டும் மாற வேண்டும். கேட்டவன் நாற்காலியில் இருந்தபடியே இருக்கலாம். நம் கோயில் வாசல்களில் நடக்கும் வேண்டுதல்களில் எவ்வளவு பங்கு இந்த இரண்டாம் வகை என்பதை அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒயிட் விளையாட்டாகத்தானே கேட்டார், நம்பாத ஒன்றிடம் வழியை விசாரிக்க யாருக்குத் தோன்றும் என்று கேட்கலாம். ஓரளவு சரி. ஆனால் அவர் கையில் போதிய சான்று இருந்தது. பாதத்தை முதலில் வைத்திருந்தவன் கேட்ட முதல் இரண்டு வரங்கள் என்னவென்று மாரிஸுக்குத் தெரியாது. மூன்றாவதாக அவன் கேட்டது சாவு. தன் மூன்று வரங்களையும் பெற்றுவிட்ட மாரிஸ் அவற்றைப் பற்றிப் பேசவே கூசுகிறார்; பேச்சின் நடுவே பாதத்தைக் கணப்புக்குள் எறிகிறார். அதைத் தீயிலிருந்து வெளியே எடுத்தவர் ஒயிட். கொடுக்கும் கை எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அது எந்த வழியில் தரும் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் முடியாது. யாரிடம் கேட்கிறோம் என்பது தெரிந்திருக்கலாம். இதனால் அவர் கொலைகாரர் ஆகிவிடவில்லை. தவறு எதுவும் செய்யாமலே ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்றிவிட்ட லாரி ஓட்டுநரைப் பற்றித் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதியிருக்கிறார். அவர் குற்றவாளி இல்லை. ஆனாலும் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு ஏற்படும் வருத்தமும் அவருக்கு ஏற்படும் வருத்தமும் ஒன்றல்ல. உனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொல்லி அவரும் உடனே தேறிவிட்டால் நாமே அவரைச் சந்தேகமாகப் பார்ப்போம். ஒயிட்டின் இடம் அந்த லாரி ஓட்டுநரின் இடத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்: அவருக்கு எச்சரிக்கை கிடைத்திருந்தது.

சைபர்னெடிக்ஸ் துறையை நிறுவிய நார்பர்ட் வீனர் இந்தக் கதையை வேறொரு திசையில் கொண்டுபோனார். 1964இல் வெளியான ‘கடவுளும் கோலெமும்’ என்ற நூலிலும் அதற்கு முன்பும் அவர் இதை எடுத்துக்காட்டியிருக்கிறார். மந்திரம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்யும், இயந்திரமும் அப்படித்தான். நமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை அது ஊகித்துக்கொள்ளாது. எனவே மகன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லாதவரை இருநூறு பவுண்டுக்குள் மகனின் சாவும் அடக்கம். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் இந்தப் பாதத்தைத்தான் கையிலெடுக்கிறார்கள். கூர்மையான வாசிப்பு; ஆனால் பாதிவழியில் நின்றுவிடுகிறது. சொற்களைச் சரியாகக் கட்டினால் போதும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. இரணியன் கதை தெரிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை வராது. பகலிலும் இரவிலும், உள்ளேயும் வெளியேயும், மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது என்று அவனைவிடக் கவனமாக நிபந்தனை போட்டவர் யாருமில்லை. தூணுக்குள் இடம் இருந்தது. கொடுப்பது பகையென்றால் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. நட்பென்றால் அவ்வளவு கச்சிதமான சொல் தேவைப்படாது. கதையில் உண்மையான இயந்திரம் ஒன்று இருக்கிறது என்பதையும் வீனரின் வழி வருகிறவர்கள் கவனிப்பதில்லை: ஹெர்பர்ட்டை இழுத்துக்கொண்ட இயந்திரம். அது எந்த வரத்தையும் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. அதை வைத்திருந்தவர்களுக்கு உற்பத்தி வேண்டியிருந்தது. எந்த வழியாக என்று அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

என் வாதத்துக்கு எதிராக நிற்கக்கூடியவர்களில் வலுவானவர் அந்தத் தாய். மகனைப் புதைத்துச் சில நாட்கள் ஆன பிறகு, பாதத்தில் இன்னும் இரண்டு வரம் மிச்சமிருப்பது அவளுக்கு நள்ளிரவில் உறைக்கிறது. மகனை உயிரோடு கேள் என்று கணவனை வற்புறுத்துகிறாள். அவர் தயங்குகிறார். சிதைந்த உடலைப் பார்த்தவர் அவர் மட்டுமே. உடுப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டிருந்தார். அவளோ, தான் பாலூட்டி வளர்த்த பிள்ளையிடம் தனக்கென்ன பயம் என்கிறாள். வழி எதுவானாலும், வருவது எந்த உருவில் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு தாய் சொல்லும்போது வழியைக் கேள் என்று அவளுக்கு யார் புத்தி சொல்வது? அன்பு நிபந்தனை கேட்காது என்பது பொய்யான பேச்சு இல்லை. ஆனால் அவள் ஏற்பது தன் பங்குக்கு வரும் விலையை மட்டும். இரண்டு மைல் தொலைவிலுள்ள இடுகாட்டிலிருந்து அந்த உடலோடு நடந்து வர வேண்டியவன் ஹெர்பர்ட். அவனை யாரும் கேட்கவில்லை.

ஜேக்கப்ஸ் சொல்லாமல் விட்ட இதைப் பின்னால் வந்தவர்கள் கதவைத் திறந்து காட்டினார்கள். பாப் கிளார்க்கின் ‘டெத்ட்ரீம்’ என்ற 1974ஆம் ஆண்டுப் படத்தில் வியட்நாமில் கொல்லப்பட்ட சிப்பாய் தாயின் வேண்டுதலால் வீடு திரும்புகிறான். உடல் அழுகாமல் இருக்க அவனுக்குப் பிறர் இரத்தம் வேண்டும். தாயின் அன்பு கடைசிவரை குறைவதில்லை. ஊரில் பிணங்கள் விழுகின்றன. மகனை யார் எதற்காகச் சாக அனுப்பினார்கள் என்று கேட்காத நாடு, அவன் எதைக் கொண்டு திரும்பி வந்திருக்கிறான் என்றும் கேட்க விரும்பாத வீடு. இந்தக் கதையின் வழியில் வந்த படைப்புகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். ஸ்டீபன் கிங்கின் ‘பெட் செமட்டரி’ நாவல் 1983இல் வந்தது. அதில் மருத்துவரான தகப்பன் லாரியில் அடிபட்டு இறந்த சிறுவனைத் தன் கையாலேயே தோண்டியெடுத்து, பிணங்களைத் திருப்பித் தரும் மண்ணுக்குச் சுமந்து செல்கிறான். அந்த மண் எதைத் திருப்பித் தரும் என்று வீட்டுப் பூனையின் மூலம் அவனுக்கு முன்பே தெரியும். வழி தெரியாமல் கேட்டவர் ஒயிட். வழி தெரிந்தே நடந்தவன் இவன். அதனாலேயே கிங்கின் நாவலில் இருப்பது குற்றம். ஜேக்கப்ஸிடம் இருப்பது குற்றத்துக்குச் சற்று முன்னே நிற்கும் ஒன்று.

மூன்றாம் வரத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த வாதம் நிற்காது. தாய் மேல் தாழ்ப்பாளை எட்ட நாற்காலியை இழுக்கிறாள். தகப்பன் தரையைத் துழாவிப் பாதத்தைத் தேடி எடுத்துக் கடைசி வரத்தைக் கேட்கிறார். என்ன கேட்டார் என்று ஜேக்கப்ஸ் எழுதவில்லை. கதவு திறக்கிறது, வெளியே யாருமில்லை. வந்து நின்றது எது என்றும் எழுதவில்லை. பிணத்தைக் காட்டிவிடும் தழுவல்கள் ஒயிட்டுக்கு நற்சான்று வழங்கிவிடுகின்றன: அவர் அழித்தது ஒரு பேயைத்தான், கவலை வேண்டாம் என்று. மூலத்தில் அந்த ஆறுதல் கிடையாது. உயிரோடு வேண்டும் என்று கேட்கப்பட்டவன் உயிரோடும் முழுதாகவும்கூட நின்றிருக்கலாம். ஒயிட்டிடம் இருந்த சான்று அவருடைய பயம் மட்டுமே. இருந்தாலும் முதல் இரண்டு வரங்களிலிருந்து இது வேறுபடுகிறது. இதில் அவருக்கு வரவேண்டியது எதுவும் இல்லை. போக வேண்டியது என்னவென்று தெரியும்: மகனும், மனைவி மன்னிப்பாள் என்ற எதிர்பார்ப்பும். இந்தக் கதையை லூயிஸ் என். பார்க்கர் 1903இல் மேடைக்குக் கொண்டுவந்தபோது மேடையில் மௌனத்துக்கு இடமில்லாததால் அந்த வரத்துக்குச் சொல் கொடுக்க வேண்டியிருந்தது. மகன் இறந்துபோக வேண்டும், அமைதியில் இருக்க வேண்டும் என்று கேட்க வைத்தார். திரை விழும்போது நிலவொளி நிறைந்த வாசல் வெறுமையாக இருக்கிறது. கிழவர் மண்டியிட்டுப் பிரார்த்தனையில் இருக்கிறார். ஜேக்கப்ஸின் மௌனத்தை இழந்தது நாடகத்துக்கு நட்டம்தான். ஆனாலும் அந்த அமைதி என்ற கோரிக்கையைச் சேர்த்ததில் பார்க்கர் கதையைச் சரியாகப் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். மூன்று வரங்களில் மகனுக்கு என்ன வேண்டும் என்று யோசித்துக் கேட்கப்பட்டது அது ஒன்றே. தாயத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஒருவர் தாயத்தின் உலகத்தை விட்டு வெளியேறிப் பிரார்த்தனைக்குள் நுழைவதையும் அங்கே பார்க்க முடிகிறது.

பக்கீரின் மெய்ப்பித்தல் என்ன ஆயிற்று? பாதத்தின் வல்லமை மூன்று பேருக்கு மட்டும் என்று மாரிஸ் சொல்லியிருந்தார். முதலாமவன் சாவைக் கேட்டுப் பெற்றுக்கொண்டான். இரண்டாமவர் தான் கேட்டதை யாரிடமும் சொல்லாமல் கடைசி ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். மூன்றாமவர் கடைசியாகக் கேட்டது கதவருகே நின்ற மனைவியின் காதிலும் விழவில்லை. ஒன்பது வரங்களும் தீர்ந்துவிட்டன. அவற்றில் எதையும் விதிக்குச் சான்றாக எடுத்துவைக்க யாரும் மிஞ்சவில்லை.